கண்ணாடியில் கடல் உயிர்கள்: எங்கே தவறுகிறோம்?

கண்ணாடியைச் சுடரில் உருக்கிக் கடல் உயிர்ப் பொம்மைகள் செய்வதில், எரிவாயு டார்ச்சைப் பற்றவைப்பதற்கு முன்பே பலர் முதல் தவறைச் செய்துவிடுகிறார்கள். உயிரைப் பார்க்காமல், வேறொருவர் செய்த பொம்மையைப் பார்த்துச் செய்கிறார்கள். ஊசிக்கணவாய்க்கு (ஸ்க்விட்) எட்டுக் கைகள் போக, இரை பிடிக்க நீளமாக இன்னும் இரண்டு உண்டு. பாதிப் பொம்மைகளில் அந்த இரண்டைக் காணோம். பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ்) கண்மணி வட்டமல்ல, படுக்கைவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. அதைச் சரியாக வைத்தாலே முகத்தில் களை வந்துவிடும்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் லியோபோல்ட் பிளாஷ்காவும் மகன் ருடால்ஃபும் 1863 முதல் 1890 வரை கடல் உயிர்களைக் கண்ணாடியில் வடித்தார்கள். ஆரம்பத்தில் நூல்களின் படங்களைப் பார்த்துச் செய்தவர்கள், பின்னாளில் தொட்டியில் உயிரோடு வைத்துப் பார்த்தே செய்தார்கள். வேண்டிய இடத்தில் பசை, கம்பி, வண்ணப்பூச்சு எல்லாம் சேர்த்தார்கள். எல்லாம் ஒரே சூட்டில் முடிய வேண்டும் என்ற பிடிவாதம் உங்களுக்கும் வேண்டாம்.

வெப்பம் தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடியையும், பாட்டில் செய்யும் சாதாரண சோடா கண்ணாடியையும் ஒட்டாதீர்கள். சூட்டில் விரியும் அளவில் ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். ஆறும்போது விரிசல் நிச்சயம்.

அதிகம் கெடுவது ஜெல்லிமீனின் இழைகளில்தான். இழைகளை முதலில் ஒட்டிவிட்டு, உடலான குடையைச் சூடாக்கினால் அவை துவண்டு சுருண்டுவிடும். குடையை முடித்த பிறகே இழைக்கு வாருங்கள். இடையிடையே குடைக்கும் லேசாகத் தீ காட்டுங்கள். சுடருக்குள் வைத்து இழுத்தால் இழை மயிராகி அறுந்துவிடும். முனை உருண்டு செம்மஞ்சளானதும் வெளியே எடுங்கள். ஒரு மூச்சு பொறுத்தால் மேலே மெல்லிய தோல் கட்டும். அப்போது நிதானமாக இழுங்கள். வளைவைக் கையால் திருகாமல், லேசாகச் சூடாக்கித் தொங்கவிட்டால் தன் எடையிலேயே அழகாக வளையும். ஒட்டும் இடத்தில் கூரான பள்ளம் இருந்தால் உடைப்பு அங்கேதான் தொடங்கும். அது மழுங்கும்வரை சூடு கொடுங்கள்.

சூளையில் வைத்து மெல்ல ஆறவிடுவதைத் தவிர்க்காதீர்கள். போரோசிலிக்கேட்டுக்குச் சுமார் 565 டிகிரி செல்சியஸ். எவ்வளவு நேரம் என்பதை இழை அல்ல, இருப்பதிலேயே தடித்த பகுதி தீர்மானிக்கும். இரவு மேசையிலேயே விட்டுவந்த என் கடல் சாமந்தி, காலையில் அடியோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

சுடரின் மஞ்சள் கூச்சத்துக்கு வெயில் கண்ணாடி போதாது. அந்த மஞ்சளை வடிகட்டும் டிடிமியம் கண்ணாடி அணியுங்கள்.

கடைசியாக நிறம். நிலா ஜெல்லிமீனைப் பாருங்கள்: உடல் முழுக்கத் தெளிவு, நடுவில் குதிரை லாட வடிவில் நான்கு வளைவுகள் மட்டும் பளிச்சென்று தெரியும். இளம் ஊதாவை அந்த நான்குக்கு மட்டும் வையுங்கள். மற்றதை வெறும் கண்ணாடியாகவே விடுங்கள்.