வங்க மொழித் தட்டச்சில் கூட்டெழுத்துச் சிக்கல் தீர்ந்த விதம்

கொல்கத்தாவில் பணிக்குச் சேர்ந்த புதிதில், வங்க மொழிக் கடிதங்களை அவ்ரோ மென்பொருளின் ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஒலியை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட்டு, தட்டச்சு செய்துவந்தேன். 2003இல் வெளியான அந்த இலவச மென்பொருள், இடையில் உயிரொலி இல்லாத மெய்களை, நம் ‘க்ஷ’ போல ஒரே வடிவமான கூட்டெழுத்தாக இணைத்துவிடும். நகரின் பெயரை எழுதும்போதுகூட, எல், கே ஆகியவற்றுக்கு நடுவே ஓ விசையை அழுத்தினால்தான் அவை ஒட்டாமல் நிற்கும். இந்த இடையூறால் வேகம் கூடவே இல்லை.

இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகைக்கு மாறிய பிறகே நிலைமை சீரானது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட அம்முறையில் ஓர் ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே விசை என்பதால், தமிழில் அதைப் பழகியிருந்த என் விரல்கள் க, ப, ம, ல ஆகியவற்றை முன்பே அறிந்திருந்தன. தமிழில் வெறுமையாக இருக்கும் விசைகளில் அமைந்த வர்க்க எழுத்துகளை (kha, ga, gha போன்றவை) மட்டும் புதிதாகக் கற்றேன். (தமிழ் 99 என்னும் வேறு விசைப்பலகை அமைப்பை மட்டும் அறிந்தவர்களுக்கு இந்த வசதி கிட்டாது.)

கூட்டெழுத்துக்கு, டி விசையிலுள்ள ஹசந்தக் குறியை (நம் புள்ளியைப் போன்றது) இரு மெய்களுக்கு நடுவே இட வேண்டும். ரகரம் முதலில் வந்தால் அடுத்த எழுத்தின் தலைமேல் ரேஃப் என்னும் குறியாக ஏறும். பின்னால் வந்தால் கீழே இறங்கும். எகர, இகரக் குறிகள் இடப்புறம் தோன்றினாலும், நம் கொம்பைப் போலவே, மெய்க்குப் பின்னர்தான் அழுத்தப்பட வேண்டும்.

‘ரேலி’ (rally) போன்ற ஆங்கிலச் சொற்கள் மட்டும் தொல்லை தந்தன. ரகரத்தின் பின் யபலா (மெய்யோடு ஒட்டும் யகர வடிவம்) வர வேண்டிய இடத்தில் ரேஃப் தோன்றியது. ரகரத்துக்கும் ஹசந்தத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியை இட்டதும் அதுவும் சரியாயிற்று. கைபேசியில் மட்டும், சொற்பரிந்துரையின் உதவிக்காக, ஒலிபெயர்ப்பையே இன்றும் பயன்படுத்துகிறேன்.