உப்பின பேட்டரிய என்ன பண்றது? கைல எடுக்கறதுல இருந்து கடைசியா குடுக்கற இடம் வரைக்கும்

காரிமங்கலத்துல மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது பேட்டரி உப்பி, பின்பக்க மூடி பிளந்துக்கிட்டு நிக்கற போனோட வருவாங்க. எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேட்டா "ஒரு மாசமா இருக்குதுங்க, சார்ஜ் நல்லாத்தான் நிக்குது, அதான் விட்டுட்டேன்"பாங்க. மாத்துன பழசை என்ன பண்ணுவீங்கன்னா குப்பைலதான்னு சொல்வாங்க. அங்கதான் எனக்கு மனசு கேக்கறதில்ல. இன்வெர்ட்டர் பேட்டரின்னா ஈயத்துக்கு பழைய இரும்புக் கடைல காசு வரும்னு பத்திரமா வெச்சிருப்போம், இந்த சின்ன லித்தியம் பேட்டரிக்கு அந்தக் காசு வராததால நேரா குப்பை வண்டிக்குப் போயிடுது, அங்க அதை வெறுங்கைல பிரிக்கறது நம்ம தூய்மைப் பணியாளர் அக்காங்கதான்.

முதல்ல என்ன பேட்டரின்னு பாருங்க. போன், பவர் பேங்க், லேப்டாப் எல்லாம் லித்தியம், எலக்ட்ரிக் ஸ்கூட்டர்லயும் பெரும்பாலும் அதுதான். பாலக்கோடு பக்கம் தக்காளிக்கு மருந்தடிக்கற பேட்டரி ஸ்ப்ரேயர்ல லித்தியம், ஈயம் ரெண்டு வகையும் வருது, அதனால லேபிளைப் படிங்க. லேபிள் அழிஞ்சிருந்தா தூக்கிப் பாருங்க, அதே சைஸ்ல ஈயம் நல்லா கனமா இருக்கும்.

ரெண்டாவது, உப்பியிருந்தா அந்த நிமிஷமே சார்ஜ் போடறத நிறுத்துங்க. அமுக்காதீங்க, காத்தை எடுத்துடலாம்னு ஊசியால குத்தாதீங்க. நான் வேலை கத்துக்கிட்ட கடைல கூட இருந்த ஒரு பையன் ஒட்டிக்கிட்டிருந்த பேட்டரிய இரும்பு ஸ்க்ரூடிரைவரால நெம்பினான், முனை உள்ள எறங்கிடுச்சு. 'உஸ்'ஸுனு ஒரு சத்தம், நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாசனை, அடுத்த நொடி கடை பூரா வெள்ளைப் புகை. கை வெந்து போயி ரெண்டு வாரம் வேலைக்கு வரல. உள்ள இருக்கற திரவம் தீப்புடிக்கற திரவம், ப்ளஸ் மைனஸ் தகட்டுக்கு நடுவுல இருக்கறது மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஜவ்வுதான், அது கிழிஞ்சா உள்ளயே ஷார்ட் ஆகி சூடு ஏற ஏற தன்னால இன்னும் சூடாகும், அப்புறம் நிறுத்த முடியாது. நான் இப்ப பிளாஸ்டிக் கார்டு வெச்சுதான் மெதுவா எடுக்கறேன்.

மூணாவது வேலை டேப். இதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆனா இதைத்தான் யாரும் பண்றதில்ல. செத்துப் போன பேட்டரின்னு நாம நினைக்கறதுல இன்னும் கரண்டு இருக்கும், சாவிக்கொத்தோ சில்லறையோ ரெண்டு முனையையும் தொட்டா போதும், பத்திக்கும். முனை எல்லாத்துலயும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. டார்ச்ல வர்ற உருளை லித்தியம் செல்லுக்கு இன்னும் கவனம் வேணும், மேல இருக்கற மொட்டு மட்டும்தான் ப்ளஸ், மிச்ச உடம்பு பூரா மைனஸ், ரெண்டுக்கும் நடுவுல அந்த கலர் பிளாஸ்டிக் உறைதான் காவல். உறை கிழிஞ்சிருந்தா முழுசா சுத்தி ஒட்டுங்க. அப்புறம் ஒவ்வொண்ணையும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல போட்டு, காஞ்ச மணல் இருக்கற மண்சட்டில வெச்சு, வீட்டுக்கு வெளிய நிழல்ல வைங்க. யூடியூப்ல உப்புத் தண்ணில ஊற வைக்கச் சொல்றாங்க, வேண்டாம், முனை அரிச்சு வாயுதான் வரும், உள்ள சார்ஜ் போச்சா இல்லையான்னும் தெரியாது.

பார்சல் போடணும்னா உப்பினது, அடிபட்டது, நனைஞ்சது எதையும் கூரியர்ல அனுப்பாதீங்க. நல்ல பேட்டரிய அனுப்பறப்ப "ஸ்பேர் பார்ட்ஸ்"னு எழுதி மறைக்காம லித்தியம் பேட்டரின்னு சொல்லிக் குடுங்க, இது 9-ம் வகை அபாயச் சரக்கு. அபாயச் சரக்குக்கு ஐ.நா. வெச்சிருக்கற அடையாள நம்பர்ல தனி லித்தியம் அயான் பேட்டரிக்கு யூஎன் 3480, பொருளோட சேந்து போனா யூஎன் 3481. 2016 ஏப்ரல்ல இருந்து பயணிகள் விமானத்துல தனி பேட்டரிய சரக்கா ஏத்தறதில்ல, சரக்கு விமானத்துலயும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது விதி. பெங்களூரு போய் ஃபிளைட் புடிக்கறவங்க பவர் பேங்கைக் கைப்பைலதான் வைக்கணும், பெட்டில போடக் கூடாது. அளவு 100 வாட் ஹவர் வரைக்கும். கணக்கு ரொம்ப சுலபம், 20,000 எம்ஏஹெச்னா 20 ஆம்பியர் ஹவர், அதை 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட் ஹவர், தாராளமா போகலாம்.

கடைசியா எங்க குடுக்கறது. 2022-ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிப்படி பழசைத் திரும்ப வாங்க ஏற்பாடு பண்ண வேண்டியது பேட்டரிய விக்கற கம்பெனியோட பொறுப்பு, அதனால அந்த பிராண்டோட சர்வீஸ் சென்டர்ல தயங்காம கேளுங்க. ஓசூர், கிருஷ்ணகிரி போற வேலை இருந்தா சேத்து வெச்சு ஒரே தடவையா கொண்டு போய்க் குடுங்க. பழைய இரும்புக் கடைல மட்டும் போடாதீங்க, அங்க சுத்தியல்தான் பேசும். ஸ்கூட்டர் பேட்டரின்னா நீங்க கழட்டவே வேண்டாம், ஷோரூமுக்கு போன் பண்ணுங்க, ஆள் வரட்டும்.

புகை வந்துட்டா மூச்சுல இழுக்காதீங்க, அது விஷம். சின்ன பேட்டரின்னா எட்ட நின்னு தண்ணிய நிறைய ஊத்துங்க, அணைஞ்ச மாதிரி இருந்தாலும் திரும்ப பத்தும், ஒரு மணி நேரமாவது கிட்ட போகாம பாத்துட்டே இருங்க. ஸ்கூட்டர் பத்துச்சுன்னா புள்ளைங்களக் கூட்டிட்டு வெளிய ஓடுங்க, 101-க்கு அடிங்க.