விசிட்டுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

போன மாதம் ஹூஸ்டனில் எங்கள் கிளினிக்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினார். ஹோம் ஹெல்த், அதாவது நோயாளிகளின் வீட்டுக்கே போய் சிகிச்சை தரும் வேலைக்கு வந்த கடிதம். விசிட்டுக்கு 48 டாலர். "அக்கா, இங்கே மணிக்கு 34தான். போயிடட்டுமா?" ஏழு வருட அனுபவமுள்ள பி.டி.ஏ. (பிசியோதெரபிஸ்டின் உதவியாளர்) அவர். ஹோம் ஹெல்த்துக்குப் போனபோது நான் போட்ட அதே தப்புக் கணக்கு. சம்பளம் பேசும்போது நாம் செய்யும் தப்புகள் இவை.

விசிட் காசை மணிக்கூலியாக நினைப்பது

ஒரு நாளைக்கு ஆறு விசிட், 288 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடுப்பு ஆபரேஷன் முடிந்த பாட்டியை வாக்கரோடு சமையலறை வரை நடக்கவைத்துத் திரும்ப உட்காரவைக்க 45 நிமிடம். அடுத்த வீட்டுக்கு 25 நிமிட டிரைவிங். நோட் எழுத 20 நிமிடம். ஆக ஒரு விசிட்டுக்கு ஒன்றரை மணி நேரம். மணிக்கு 32 டாலர்தான் தேறும், லீவும் இன்சூரன்ஸும் இல்லாமல்.

எனக்கு ஒருமுறை கதவைத் திறந்த மகள், "அம்மாவை நேற்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்" என்றார். அந்த விசிட்டுக்குக் காசு கிடையாது. அந்த வாரம் மட்டும் இப்படி மூன்று. என் மகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் நோட் எழுதிய நேரத்துக்கும் யாரும் காசு தரவில்லை. 1099 முறையில், அதாவது ஊழியராக இல்லாமல் தனி ஒப்பந்தக்காரராகச் சேர்ந்திருந்ததால், முதலாளி கட்டவேண்டிய பாதி வரியும் என் தலையில் விழுந்து 15.3 சதவீதம் ஆனது.

இன்றும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கேட்டால் சொல்லிவிடுவார்கள், நாம்தான் கேட்பதில்லை. விசிட் ரத்தானால் என்ன தருவீர்கள்? மைலுக்கு எவ்வளவு? வாரத்துக்குக் குறைந்தது எத்தனை விசிட்? டபிள்யூ-2வா (ஊழியர் முறை), 1099ஆ? நாலே கேள்விகள்.

வருஷம் கூடினால் சம்பளமும் கூடும் என்று காத்திருப்பது

2022 ஜனவரி முதல், பி.டி.ஏ. கொடுக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வழக்கமான தொகையில் 85 சதவீதமே தருகிறது. இரண்டு வருட அனுபவமோ இருபதோ, கிளினிக்குக்கு வரும் பணம் ஒன்றுதான். அதனால்தான் ஒரே கிளினிக்கில் இருந்தால் சம்பளம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நர்சிங் ஹோம், ஹோம் ஹெல்த் இரண்டிலும் பொதுவாகக் கூடுதலாகக் கிடைக்கும். சரி, போங்கள். கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

நாட்டின் இடைநிலைச் சம்பளத்தைக் காட்டிப் பேசுவது

2023 மே மாத அரசுக் கணக்கில் பி.டி.ஏ.க்களுக்கு அது ஆண்டுக்கு 64,080 டாலர். நேற்று சேர்ந்தவர்களும் அதில் உண்டு. அதே அரசுக் கணக்கில் உங்கள் நகரத்துக்கான 75ஆம் சதமானத்தை, அதாவது நூறில் 75 பேர் அதற்குக் கீழே வாங்கும் சம்பளத்தைப் பாருங்கள். அனுபவசாலி பேசவேண்டிய எண் அது.

பி.ஆர்.என். (தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் வேலை) ரேட்டை முழுநேர வேலைக்குக் கேட்பது

கிடைக்காது.

வாய்ப்பேச்சோடு விடுவது

எழுத்தில் வாங்குங்கள். தம்பி நாலு கேள்விகளையும் அன்றே அனுப்பினார். வாசல்வரை போய்த் திரும்பினால் 25 டாலர், வாரத்துக்குக் குறைந்தது 28 விசிட், டபிள்யூ-2 என்று பதில் வந்திருக்கிறது. மைல் காசு பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அது வரும்வரை கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.