“ஒட்டவில்லை” என்பவருக்கு வரைபடத்தில் பதில் சொல்வது எப்படி: நெருக்கமான தெருவில் நவீனக் கட்டடம்

இரண்டு பழைய கட்டடங்களுக்கு நடுவே 6 மீட்டர் அகல மனை. அதில் நவீன முகப்போடு ஒரு கட்டடம் எழும்பப்போகிறது என்றதும் தெருவில் முதலில் கேட்கும் சொல் “ஒட்டவில்லை” என்பதுதான். இதை ரசனைச் சண்டையாக எடுத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அநேகமாக அளக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கும். தளமட்டமாக இருக்கலாம், ஜன்னல் வடிவமாக இருக்கலாம், வெளிச்சம் போய்விடும் என்ற கவலையாகவும் இருக்கலாம்.

முதல் வேலை தெருவை அளப்பது. மனையின் இருபுறமும் ஐந்தைந்து கட்டடங்களின் முகப்பை 1:100 அளவில் ஒரே நீளத் தாளில் வரையுங்கள். கடையின் உயரம், ஒவ்வொரு தளமட்டம், ஜன்னலின் கீழ் விளிம்பும் மேல் விளிம்பும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உச்சி ஆகியவற்றைக் கோடுகளாக இழுங்கள். புதுக் கட்டடம் எங்கே முரண்டு பிடிக்கிறது என்பது இந்தத் தாளில் தெரிந்துவிடும்.

அதிகம் நடக்கும் தவறு தளமட்டத்தில்தான். பழைய கட்டடத்தில் மாடிக்கு 4 மீட்டர் வீதம் மூன்று தளங்கள், மொத்தம் 12 மீட்டர். புதியதில் அதே 12 மீட்டருக்குள் 3 மீட்டர் வீதம் நான்கு தளங்களைப் போடுகிறார்கள். உயரம் சமம்தான், ஆனால் ஜன்னல் வரிசை எதுவும் பக்கத்து வரிசையோடு சேராது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, உறுத்துவது மட்டும் தெரியும்.

நான்காவது தளம் வேண்டியே ஆக வேண்டுமென்றால் முகப்பில் 4 மீட்டர் தளங்கள் மூன்றை வைத்து, மேல்தளத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். எவ்வளவு தள்ளுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எதிர்ப்புற நடைபாதையில் நிற்பவர் முகப்பிலிருந்து 9 மீட்டர் தூரத்தில் இருக்கிறார், கண்மட்டம் 1.6 மீட்டர் என்று கொள்வோம். 12 மீட்டர் உச்சியைத் தொடும் பார்வைக்கோடு மீட்டருக்குச் சுமார் 1.16 மீட்டர் ஏறுகிறது. ஆகவே 3 மீட்டர் உயர மேல்தளம் மறைய 2.6 மீட்டர் பின்வாங்கினால் போதும். தெரு அகலமானால் இன்னும் அதிகம் தள்ள வேண்டும். பக்கத்துக் கட்டடம் தாழ்வாக இருந்தால் தெருவில் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்ப்பவருக்கு மேல்தளம் தெரியத்தான் செய்யும். அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டும் பொருளைவிட உருவமும் ஒழுங்கும் முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஜப்பானின் ஒசாகாவில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976-இல் முடித்த சுமியோஷி வீடு, வரிசை வீடுகளுக்கு நடுவே வெறும் கான்கிரீட்; தெருப்பக்கம் வாசல் தவிர ஜன்னலே இல்லை. ஆனால் இரண்டு தளத்துக்குள் வரிசையின் அளவிலேயே அடங்குகிறது. அதற்காக வெறும் சுவரைத் தெரு எளிதில் ஏற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வியன்னாவில் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸின் கட்டடத்துக்கு, ஜன்னலைச் சுற்றி அலங்காரம் இல்லை என்ற சர்ச்சையில் 1910-இல் வேலையே நின்றது. வெண்கலப் பூத்தொட்டிகள் வைக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் தீர்ந்தது.

பழைய செங்கல், கல் சுவர்களில் ஜன்னல்கள் ஒடுங்கி உயரமாக இருப்பதற்கு, அகலமான திறப்புக்கு மேலே வரும் சுவரின் பாரத்தைத் தாங்குவது கடினம் என்பதே முக்கியக் காரணம். அந்தத் தெருவில் 6 மீட்டருக்கு ஒரே கண்ணாடி போட்டால், விழுந்த பல்லின் இடைவெளி மாதிரி தெரியும். முகப்பை மூன்று செங்குத்துப் பகுதிகளாகப் பிரித்து, கண்ணாடியைச் சுவர் முகத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ. உள்ளே தள்ளினால் நிழல் விழும், நவீனம் கெடாது.

தரைத்தளத்தில் கார் வாசலைத் தவிருங்கள். 6 மீட்டரில் காருக்கு 3, படிக்கட்டு வாசலுக்கு 1 போனால் கடைக்கு மிஞ்சுவது 2 மீட்டர். நடந்துபோகிறவர் பார்ப்பது மூடிய ஷட்டரைத்தான். மின்மீட்டர் பெட்டி, குழாய்கள், ஏசியின் வெளிப்பெட்டி ஆகியவற்றுக்கு முதல் வரைபடத்திலேயே இடம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் குடிவந்த பிறகு எல்லாம் முகப்பில் தொங்கும்.

பக்கத்து வீட்டைத் தாண்டி உயரும் பக்கச்சுவரை வரையவே பலர் மறந்துவிடுகிறார்கள். தெருக்கோடியிலிருந்து முதலில் தெரிவது அதுதான். முகப்பின் பொருளையே அதற்கும் கொடுங்கள். சுவர் உச்சியின் மூடுகல் உங்கள் மாடிப்பக்கம் சரிய வேண்டும்; நீட்டிய விளிம்பின் அடியில் நீர் சொட்டும் பள்ளம் வேண்டும். பள்ளம் இல்லாத வெள்ளைப் பூச்சில் ஓரிரு மழைக்காலத்துக்குள் கறுப்புக் கோடுகள் இறங்கிவிடும்.

பொதுமக்களுக்குக் காட்டும் படம் எதிர்ப்புற நடைபாதையிலிருந்து, 1.6 மீட்டர் கண்மட்டத்தில், சாதாரணப் பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். இருபுறக் கட்டடங்களும், மின்கம்பிகளும் அப்படியே வரட்டும். இல்லாத மரத்தை நடாதீர்கள். விளக்கொளியில் மின்னும் இரவுப் படம் அன்றைக்குக் கைதட்டல் வாங்கும், கட்டி முடித்ததும் ஏமாற்றப்பட்டோம் என்ற கோபத்தைக் கிளப்பும். புதுக் கட்டடத்தின் நிழல் எங்கே விழும் என்று காட்டும் படத்தை ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும், பகலும் இரவும் சமமான நாளுக்கும், காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு வரையுங்கள். 1 × 2 மீட்டர் அளவில், ஒரு ஜன்னல் மூலையோடு சேர்த்து, மாதிரிச் சுவர் ஒன்றை மனையிலேயே கட்டி வையுங்கள். கையளவு ஓட்டுத்துண்டைப் பார்த்து யாராலும் சுவரைக் கற்பனை செய்ய முடியாது.

தெருவாசிகளுக்குப் படத்தைக் காட்டும் கூட்டத்துக்கு முன்னால், சுவர் ஒட்டிய இரு வீட்டாரையும் தனியே போய்ப் பாருங்கள். வடிவம் முடிவாகும் முன்பே போக வேண்டும். ஒவ்வொரு ஆட்சேபத்தையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, எதிரே எந்த அளவைப் பற்றியது, எது மாறும், எது மாறாது என்று குறியுங்கள். மாறாததை மாறாது என்றே சொல்லுங்கள். “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் நேர் மறுப்பைவிடப் பெரிய பகை வரும்.

அழகில்லை என்று வாதாடுபவர் உள்ளுக்குள் தன் அஸ்திவாரத்தை நினைத்துப் பயந்துகொண்டிருக்கலாம். தோண்டும் முன்பே அவர் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து, இருக்கும் விரிசல்களைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பழைய விரிசல்களின் மேல், அவை விரிகின்றனவா என்று காட்டும் அளவுப்பட்டை ஒட்டி வாரந்தோறும் பதிவு செய்யுங்கள். பக்கத்து அஸ்திவாரத்துக்குக் கீழே போக வேண்டியிருந்தால், நீளம் முழுவதையும் ஒரே நாளில் திறக்காமல், கட்டமைப்புப் பொறியாளர் சொல்லும் வரிசைப்படி சுமார் 1 மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டிக் கட்டுங்கள். ஒரு துண்டின் கான்கிரீட் இறுகிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். பொறியாளரின் கைபேசி எண்ணை வேலை தொடங்கும் நாளிலேயே அந்த வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.