கண் சிவந்தால் சொட்டு மருந்துக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

மருந்துக்கடையில் நிற்கிற எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பேச்சு இது: "அண்ணே, கண்ணு சிவந்து கிடக்கு, ஒரு சொட்டு மருந்து தாங்க." எந்த மருந்து என்று கேட்டால், "பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன மாசம் குடுத்தீங்களே, அதே." அந்த அக்காவுக்குக் கண் சிவந்தது தூசியால், உங்களுக்குச் சிவந்தது வயலில் நெல் தாள் பட்டதால் என்றால் அவருக்குச் சுகம் தந்த அதே மருந்து உங்கள் பார்வையைக் கெடுத்துவிடலாம். இதை ஒவ்வொருவரிடமும் கவுண்டரில் நின்று விளக்க நேரம் போதவில்லை, பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடி முன்னால், நல்ல வெளிச்சத்தில் நின்று பாருங்கள். ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? அரிப்பா, உறுத்தலா, வலியா? இந்த மூன்றையும் போட்டுக் குழப்பாதீர்கள். அரிப்பு தாங்க முடியவில்லை, கசக்கக் கசக்கச் சுகமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. மணல் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல், சாயங்காலம் ஆக ஆகக் கூடுகிறது என்றால் கண் வறட்சி. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, பீளை தள்ளுகிறது என்றால் தொற்று. இதெல்லாம் பார்த்த பிறகு ஒரு கண்ணைக் கையால் மூடி, சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள், அப்புறம் மறு கண்ணுக்கும் அதே மாதிரி. வழக்கமாகப் படிக்க முடிகிற எழுத்து ஒரு கண்ணுக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தால், இமைத்த பிறகும் தெளியவில்லை என்றால், அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அதே மாதிரி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை வேறு சிலவும் உண்டு. உறுத்தல் இல்லாமல் உள்ளுக்குள் குடைகிற வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் கூசுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து தலைவலியும் வாந்தியும் வருவது (இது கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறியதன் அடையாளம், சிலர் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஒரு நாளைக் கழித்துவிடுகிறார்கள்), அடிபட்ட கண், காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்கு வருகிற வலி, பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குப் பீளை தள்ளுவது. இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது சாதாரணமாக வருகிறவற்றுக்கு வருவோம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கண் வறட்சிக்குக் காற்றே ஒரு பெரிய காரணம். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தல் காற்றாலைகளை எல்லாம் சுழற்றுகிற காற்று, அதற்கு எதிராக ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பைக்கில் போகிறவரின் கண்ணீர்ப் படலம் எவ்வளவு நேரம் தாங்கும்? காய்ந்த கண்ணில்தான் மணலும் ஒட்டும். கண்ணாடியை இறக்கி விடுங்கள், கீறல் விழுந்த பழைய கண்ணாடி என்றால் மாற்றுங்கள். அதை வாங்கக் காசு பார்த்துவிட்டு மாதாமாதம் சொட்டு மருந்து வாங்குவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது காரணம் போன். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிற நாம் திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்தில் இருக்கிற ஒரு தென்னை மரத்தையோ எதிர்வீட்டு மாடியையோ இருபது வினாடி பார்த்து, நாலைந்து தடவை முழுதாக இமையை மூடித் திறங்கள். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி படுக்காதீர்கள். இதற்கும் அடங்கவில்லை என்றால் செயற்கைக் கண்ணீர் போடலாம், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்று போட்டிருக்கும், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதற்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சில பாட்டில்களில் கலந்திருக்கிற அந்த ரசாயனமே அடிக்கடி விட்டால் கண்ணை எரிக்கும். சிவப்பை நொடியில் வெளுப்பாக்குகிற மருந்து என்று சில உண்டு, அவை ரத்தக் குழாயைச் சுருக்குகின்றன, அவ்வளவுதான். தொடர்ந்து விட்டுவிட்டு நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

ஒவ்வாமைக்கு முதல் மருந்து கையைக் கண்ணிலிருந்து எடுப்பது. கசக்கினால் அரிப்பைக் கிளப்புகிற ரசாயனம் இன்னும் கொஞ்சம் கூடச் சுரக்கும், அரிப்பு கூடும், மறுபடி கசக்குவோம். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய கண் மேல் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். தலையணை உறையை வாரம் ஒரு தடவை சூடான நீரில் அலசுங்கள், பழைய பஞ்சுத் தலையணையில் நம் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி நிறைய இருக்கும். அப்படியும் அடங்காவிட்டால் ஓலோபடடின் போன்ற சொட்டு மருந்தை டாக்டரிடம் கேட்டுப் போடலாம். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வெயில் காலம் வந்தாலே கண்ணைக் கசக்கிக்கொண்டு, நூல் மாதிரி இழுபடுகிற பீளையோடு நிற்கிற ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது வருடக்கணக்கில் தொடரலாம், ஓயாமல் கசக்கிக் கசக்கிக் கருவிழி கூம்பு மாதிரி முன்தள்ளிப் பார்வை குறைந்துவிடலாம். "சின்னப் பிள்ளைதானே, வளந்தா சரியாயிரும்" என்று விடாதீர்கள்.

மழைக்காலத்தில் வருகிற கண்வலி, மெட்ராஸ் ஐ என்கிறோமே, அது பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு கண்ணில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் மறு கண்ணுக்குப் போகும், நீராகக் கொட்டும், இமை வீங்கும், காதுக்கு முன்னால் சின்னக் கட்டி தட்டுப்படலாம். ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே ஆறும். ஆண்டிபயாடிக் சொட்டு மருந்து வைரஸைக் கொல்லாது. மஞ்சளாக, கெட்டியாகப் பீளை தள்ளினால் பாக்டீரியா, அதற்குத்தான் ஆண்டிபயாடிக், அதையும் சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது தவறு. கண்ணைத் தொட்ட கை கதவுப்பிடியைத் தொடுகிறது, போனைத் தொடுகிறது, அதே இடத்தை இன்னொருவர் தொட்டுத் தன் கண்ணைத் தொடுகிறார், பரவுவது இப்படித்தான். கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்குச் சுகம் தரும், பரவுவதைத் தடுக்காது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், துண்டும் தலையணையும் தனியாக இருக்கட்டும், பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள். பீளையைக் காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த பஞ்சால் உள் மூலையிலிருந்து வெளியே ஒரே இழுப்பாகத் துடைத்து, அந்தப் பஞ்சைத் தூரப் போடுங்கள், மறு கண்ணுக்கு வேறு பஞ்சு.

கண்கட்டிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொறுக்கிற சூட்டில் நனைத்த துணியை நாளைக்கு நாலு வேளை பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள், அமுக்கவோ குத்தவோ செய்யாதீர்கள். இமை ஓரத்தில் பொடுகு மாதிரி செதில் படிந்து எரிச்சல் இருந்தாலும் அதே ஒத்தடம், அதற்குப் பிறகு இமை ஓரத்தை மெல்லத் துடைப்பது. திரும்பத் திரும்பக் கட்டி வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிலால் வருகிற கண் பிரச்சினைதான் நம்ம ஊரில் பெரிய விஷயம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், உயரத்தில் வெட்டும்போது மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும், பட்டைத்தூள் நேராகக் கண்ணில் விழும். விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரை ஊற்றி, அதில் கண்ணைத் திறந்து மூடிக் கழுவ வேண்டும். பால் உறையாமல் இருக்க விடுகிற அமோனியாவும், ஷீட் அடிக்கப் பால் உறைய வைக்கிற ஆசிட்டும் தெறித்தால் அது வேறு கதை. எந்த ரசாயனமாக இருந்தாலும், வெற்றிலைச் சுண்ணாம்பானாலும் சரி, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பானாலும் சரி, அந்த நொடியே குழாய்க்கோ கிணற்றடிக்கோ ஓடி, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு குறைந்தது இருபது நிமிடம், முடிந்தால் அரைமணி நேரம், ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கழுவிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுக்காதீர்கள், கழுவிய பிறகுதான் வண்டி. சுண்ணாம்பும் அமோனியாவும் ஆசிட்டைவிட ஆழமாக இறங்கிக் கருவிழியை வெந்துபோகச் செய்யும், துணுக்கு இமைக்கு அடியில் தங்கியிருந்தால் வெந்துகொண்டே இருக்கும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் எடுத்துப் பிதுக்கி விளையாடும்போது அது வெடித்து முகத்தில் அடிக்கும், அதை எட்டாத உயரத்தில் வையுங்கள், தயவுசெய்து.

வெல்டிங் செய்கிறவர்களுக்கு அன்று ராத்திரி கண் எரிந்து, நீர் கொட்டித் தூக்கம் போகும், வெளிச்சம் பட்டு ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும், ஆனால் கண்ணை மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்தை வீட்டில் வைத்து விட்டுக்கொண்டே இருக்காதீர்கள், ஆறுவது தடைபடும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வறுக்கிற புகை, வீட்டில் ஓலையும் சிரட்டையும் எரிக்கிற அடுப்புப் புகை இரண்டுக்கும் புகை வெளியேற வழி செய்வதுதான் வைத்தியம். குளச்சல், முட்டம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கண்ணில் சதை படர்வதைப் பார்த்திருப்பீர்கள், வெயிலும் உப்புக்காற்றும் வருடக்கணக்கில் பட்டு வருவது அது. தொப்பியும், ஓரம் மூடிய கறுப்புக் கண்ணாடியும் இளவயதிலிருந்தே போட்டால் நல்லது. சதை கருவிழியின் மேல் ஏறிப் பார்வையை மறைக்கத் தொடங்கினால் ஆபரேஷன் தேவைப்படும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது இலை, தாள், குச்சி கண்ணில் படுவதைப் பார்த்துத்தான். நெல் தாளோ தென்னை ஓலையின் நுனியோ கருவிழியில் லேசாகக் கீறிவிட்டுப் போகும், இரண்டு நாள் உறுத்தும், மூன்றாம் நாள் கொஞ்சம் சிவப்பு. அந்தக் கீறலில் பூஞ்சை வளரும். அப்போது யாரோ வீட்டு அலமாரியில் பாதி மீந்த சொட்டு மருந்தைக் கொடுப்பார், அதில் ஆண்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு குறையும், வலியும் குறையும், "நல்லா கேட்டுச்சு" என்று அடுத்த நாலு நாளும் போடுவார்கள். உள்ளே பூஞ்சைக்கு எதிராக உடம்பு செய்கிற சண்டையை அந்த ஸ்டீராய்டு அமுக்கிவிட்டது, அதனால்தான் வலி குறைந்தது. வெள்ளைப் புள்ளி வெளியே தெரிகிற நேரத்தில் கருவிழியே கரைய ஆரம்பித்திருக்கலாம். அதனால் பாட்டிலைக் கையில் எடுத்ததும் சின்ன எழுத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரட்னால், இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள், நான் தரவும் மாட்டேன். ஸ்டீராய்டே கெட்டது என்று சொல்லவில்லை, சரியான நோய்க்கு டாக்டர் அளந்து கொடுத்தால் அது பார்வையைக் காப்பாற்றும். சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், புரையும் வரும்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், இதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் அன்போடு செய்வதுதான், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செடியில் இருந்து பறித்த பூவில் கிருமியும் பூஞ்சையும் இருக்கும், கையில் இருக்கும், பிழிகிற துணியில் இருக்கும். புண்ணான கண்ணுக்குள் கிருமி நீக்காத எதுவும் போகக் கூடாது. அம்மாச்சியிடம் சண்டை போடாமல், "ஆச்சி, பூவை மூடிய கண்ணு மேல வையுங்க, உள்ளே விட வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள்.

சொட்டு மருந்து போடுகிற விதமும் முக்கியம். கை கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்து, அந்தக் குழிக்குள் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ மயிரிலோ படக் கூடாது. கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதி வையுங்கள், ஒரு மாதம் ஆனதும் மீதி இருந்தாலும் தூரப் போடுங்கள். ஒருவர் பாட்டில் ஒருவருக்குத்தான்.

டாக்டரிடம் போக வேண்டி வந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் தக்கலை பத்மநாபபுரம் அரசு ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். காலையிலேயே போங்கள். இதுவரை போட்ட எல்லாப் பாட்டிலையும், பாதி காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள், கண்ணில் என்ன பட்டது, எந்த நாள் பட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு அதன் டப்பாவையும் கொண்டு போங்கள். டாக்டர் கண் பாவையை (கருவிழி நடுவில் இருக்கிற துளையை) விரிக்கிற மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அன்றைக்குப் பைக்கை வீட்டில் விட்டுவிட்டுத் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.