மணிக்கு இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு வீட்டில் செய்தவை

எங்கள் லாப்ரடார் நாய் மணிக்கு வலது இடுப்பில் செயற்கை மூட்டு வைத்தோம். அறுவையைவிட அதற்கப்புறம் வரும் வாரங்கள்தான் பெரும்பாடு.

முதலில் தரையைப் பாருங்கள். டைல்ஸில் பின்னங்கால் ஒருமுறை வழுக்கி விரிந்தால் புது மூட்டின் பந்துபோன்ற முனை, அது பொருந்தியிருக்கும் கிண்ணத்தைவிட்டு நழுவிவிடலாம். நாய் வீடு திரும்பும் முன்பே, படுக்கையிலிருந்து வாசல்வரை ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடிகளை வரிசையாகப் போட்டுவிடுங்கள். வெறும் சாக்கு வேண்டாம், நாயோடு சேர்ந்து அதுவும் வழுக்கும்.

பழைய குளியல் துண்டு ஒன்றை நீளவாக்கில் மடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றின் கீழே விட்டு, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள். தூக்க வேண்டாம், சறுக்கினால் தாங்கத் தயாராக இருந்தால் போதும். ஆண் நாய் என்றால் சிறுநீர் கழிக்கும்போது துண்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று துண்டு போன பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

மாடிப்படி, சோபா, பந்து விளையாட்டு எதுவும் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சரி சொல்லும்வரை கிடையாது. வெளியே போவது கழிக்க மட்டும், அதுவும் செயின் போட்டு. மூட்டு மாற்றாமல் தொடை எலும்பின் தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் கதையே வேறு. அதில் சீக்கிரமே நடக்கவைக்கச் சொல்வார்கள்.

அப்புறம், முனகுகிறதே என்று நீங்களாக பாராசிட்டமால், இபுபுரூபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.