லண்டனில் கடை வேலைக்குப் போகுமுன்: மது விற்பனையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

இங்கே வந்து இறங்கும் நம் ஆட்களில் பலருக்கு முதல் வேலை, தெரிந்த ஒருவரின் ஓஃப்லைசென்ஸ் கடையிலோ (மது போத்தலை வாங்கிக்கொண்டு போகும் கடை) பெற்றோல் ஸ்டேஷனிலோதான் கிடைக்கிறது. டில் (காசு வாங்கும் மெஷின்) எப்படி அடிப்பது, சிகரெட் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அரை மணி நேரம் காட்டித் தருவார்கள், அப்புறம் தனியாக விட்டுவிடுவார்கள். போத்தலை யாருக்கு விற்கக்கூடாது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஆனால் பிழை நடந்தால் முதலில் மாட்டுவது டில்லில் நின்ற நீங்கள்தான்.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம். 18 வயது நிரம்பாதவருக்கு மது விற்றால் விற்றவர் குற்றவாளி. சம்பளத்துக்கு நின்றீர்களா, மாமா சாப்பிட்டுவிட்டு வரும்வரை பத்து நிமிடம் உதவிக்கு நின்றீர்களா என்பது கணக்கில் வராது. பொலிஸ் 90 பவுண்டு அபராதச் சீட்டோடு விடலாம். வழக்காகிப் போனால் அபராதத்துக்கு மேல்வரம்பு இல்லை, தண்டனை பதிவானால் அடுத்த விசா விண்ணப்பத்திலும் பிறகு குடியுரிமை விண்ணப்பத்திலும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பெரிய பயம் இந்தக் கடைசி விஷயம்தான். மூன்று மாதத்துக்குள் ஒரே கடையில் இரண்டு முறை இப்படி நடந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர் மீதும் வழக்கு வரும், அல்லது 48 முதல் 336 மணி நேரம் வரை மது விற்பனையை நிறுத்தி வைப்பார்கள்.

என் இரண்டாவது மாதம். சனிக்கிழமை மாலை, பின்னால் ஆறேழு பேர் வரிசை. உயரமான ஒரு பெண், நல்ல மேக்கப், கையில் ஒரு சைடர் (ஆப்பிள் மது) போத்தல். கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், கேட்டால் அவமானப்படுத்துவது போல் ஆகுமே என்று விட்டுவிட்டேன். அவர் வெளியே போன கையோடு இரண்டு அதிகாரிகள் அட்டையைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வயது 16. கடைகளைச் சோதிக்க கவுன்சில் ஆட்கள் இப்படித்தான் பிள்ளைகளை அனுப்புவார்கள். 90 பவுண்டு அன்று எனக்கு இரண்டு நாள் சம்பளம்.

வந்தவரைச் சந்தேகப்படக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், அந்தக் கூச்சத்தை இந்த வேலையில் விட்டுவிடுங்கள். 25 வயதுக்குக் குறைந்தவர் போலத் தெரிந்தாலே ஐடி கேட்பதுதான் இங்கே பெரும்பாலான கடைகளின் வழக்கம், ‘சேலஞ்ச் 25’ என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தால் கோபிக்கட்டும். பாஸ்போர்ட், படம் உள்ள டிரைவிங் லைசென்ஸ், ‘PASS’ முத்திரை மின்னும் வயதுச் சான்று அட்டை, இவற்றில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்து, பிறந்த திகதியை வைத்து வயதைக் கணக்குப் பண்ணுங்கள். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படம் போதாது. நம்பும்படியான ஐடியைப் பார்த்துத்தான் விற்றீர்கள் என்றால் பின்னால் அது போலி என்று தெரிந்தாலும் உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பார்க்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். ஒருவருக்கு மறுத்தால் மறுப்புப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதுங்கள். கடையில் அப்படி ஒரு புத்தகமே இல்லை என்றால் முதலாளியிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

கடை வாசலில் நிற்கும் பையன்கள் உள்ளே போகும் பெரியவரிடம் காசைக் கொடுத்து வாங்கித் தரச் சொல்வார்கள். அப்படி வாங்கிக் கொடுப்பதும் குற்றம். நீங்கள் வாடிக்கையாளராகப் போனாலும் இதே சட்டம்தான், பாவம் பார்க்காதீர்கள். தெரிந்தே நிறைவெறியில் இருப்பவருக்கு விற்பதும் குற்றம்தான்.

குடும்பக் கடை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: 18 ஆகாத உங்கள் பிள்ளை டில்லில் நின்றால், மது வரும் ஒவ்வொரு விற்பனைக்கும் பொறுப்பான பெரியவர் அங்கேயே சரி சொல்ல வேண்டும். ‘நான் மேல்மாடியில்தான் இருந்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

நேரமும் அப்படித்தான். கடையின் லைசென்ஸ் சுருக்கம் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், முதல் நாளே அதைப் படியுங்கள். 11 மணி என்று போட்டிருந்தால் 11.05க்கு ஒரு பியர் விற்பது லைசென்ஸ் இல்லாமல் விற்பதற்குச் சமம், அதற்கு ஆறு மாதச் சிறை வரை உண்டு. கடையில் நிற்கும் எல்லோருக்கும் பெர்சனல் லைசென்ஸ் (மது விற்பனைக்கு அனுமதி கொடுக்க ஒரு ஆள் தன் பெயரில் எடுக்கும் லைசென்ஸ்) தேவையில்லை, ஆனால் அது உள்ள ஒருவர் உங்களுக்கு விற்க அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்த அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்கொட்லாந்துக்குப் போகிறவர்களுக்குச் சட்டமே வேறு, அங்கே கடைகளில் காலை 10 முதல் இரவு 10 வரைதான் மது விற்கலாம்.

கடைக்கு வெளியேயும் மாட்டலாம். சாமத்திய வீட்டுக்கு வந்தவர்களுக்கு இலவசமாக ஊற்றிக் கொடுப்பது விற்பனை ஆகாது. ஆனால் மண்டபம் எடுத்து, டிக்கெட் போட்டு, அந்தக் காசுக்குள் குடியும் சேர்த்தி என்றால் அது விற்பனைதான். மண்டபத்துக்கு ஏற்கெனவே லைசென்ஸ் இல்லாவிட்டால், பத்து வேலை நாளுக்கு முன்பே கவுன்சிலுக்கு 21 பவுண்டு கட்டித் தற்காலிக நிகழ்ச்சி அறிவித்தல் கொடுக்க வேண்டும், ஆட்கள் 499ஐத் தாண்டக்கூடாது. அப்புறம் கொழும்பிலிருந்து கொண்டுவரும் சாராயம்: ஒருவர் நாலு லீட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம், அதுவும் தன் பாவனைக்கு அல்லது அன்பளிப்புக்கு மட்டும். அந்தப் போத்தலைக் கடைத் தட்டில் வைத்து விற்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், சொல்வது மாமாவாக இருந்தாலும்.